எந்த டேட்டாபேஸ் என்று கேட்ட மகனுக்கு

அப்பு,

உன் மெயில் வந்தது. "அம்மா, நாங்க மூணு பேரு சேந்து சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கிறோம். சரக்கு எங்க இருக்கு, எந்தக் கப்பல்ல போகுதுன்னு பாக்குற சாஃப்ட்வேர். காசு குடுத்து டேட்டாபேஸ் வாங்க முடியாது. இலவசமா கெடைக்கிறதுல மைஎஸ்க்யூஎல் போடவா, போஸ்ட்கிரெஸ் போடவா? நீ ரெண்டையும் வச்சுப் பாத்தவ, சொல்லு." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அதைப் பலமுறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நாம் என்ன பேசுகிறோம் என்று உனக்கே தெரியும். சாப்டியா என்பேன், சாப்டேன் என்பாய். அங்க மழையா என்று நீ கேட்பாய், எங்க பெய்யுது என்பேன். சிங்கப்பூருக்கு நீ போன நாளிலிருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை நீ என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், எதைப் போட்டாலும் ஓடும். அதோடு மெயிலை மூடிவிட்டு உன் வேலையைப் பார்க்கலாம். ஆனால் நான் ஒரு வரியில் நிறுத்தப் போவதில்லை. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. திரையில் எழுத்து செத்த நேரம் நிற்கும், பிறகு தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடும். ஆடும்போதெல்லாம் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன். அதனால் அங்கங்கே விட்டுவிட்டு இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா இறந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்தக் கோடை விடுமுறையில் வீட்டில் உட்கார முடியாமல்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். மற்றவர்களெல்லாம் உன் வயதுப் பிள்ளைகள். அங்கே அந்தக் காலத்து டேட்டாபேஸான ஃபாக்ஸ்புரோவைக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்குப் பிடித்துப் போயிற்று. கணக்கைப் போல அதிலும் தப்பு என்றால் தப்பு, சரி என்றால் சரி. ஆறுதல் சொல்லத் தெரியாத ஒன்றோடு உட்கார்ந்திருப்பது அந்த வருஷம் எனக்கு ஆறுதலாக இருந்தது. பேகம்பூர் போகிற வழியில் நர்சிங் ஹோம் வைத்திருந்த டாக்டரம்மாவின் மகள் என்னிடம் படித்தாள். அந்தப் பழக்கத்தில் அவருடைய லேபுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். யாருக்கு என்ன ரத்தப் பரிசோதனை, என்ன முடிவு, எல்லாம் அதில் ஏறும். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். நீ எனக்கு முன்னால் வந்து உலை வைத்திருப்பாய்.

ஃபாக்ஸ்புரோ ஒரு மிஷினில் நன்றாக ஓடியது. லேபில் மூன்று மிஷினை வயரால் இணைத்ததும் திணறியது. கரண்ட் போனால் ஏதாவது ஒரு ஃபைல் உடைந்திருக்கும். நம் ஊரில் கரண்ட் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. நீ மதுரையில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்த வருஷம், இதை மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். நீ மைஎஸ்க்யூஎல் என்றாய். காலேஜில் எல்லோரும் அதில்தான் பழகியிருந்தீர்கள். நான் எங்கோ ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் போஸ்ட்கிரெஸ்ஸைப் பார்த்து, அதைப் பற்றிப் படித்து வைத்திருந்தேன். சரி, ரெண்டையும் போட்டுப் பாப்போம் என்று முன் அறையில் எதிரெதிராக இரண்டு பழைய மிஷினை வைத்தோம். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அந்த வருஷம் நாம் இருவரும் பேசிய அளவுக்கு என் வாழ்நாளில் நான் வேறு யாரிடமும் பேசியதில்லை. சமைக்க நேரமில்லாமல் ஒரே குழம்பு, வெஞ்சனம் என்று ஒரு அப்பளம். நீ ஒருநாளும் குறை சொன்னதில்லை.

வேகத்தில் உன்னுடையதுதான் முன்னால் நின்றது. ஒரே கேள்வியை இரண்டிலும் கேட்டால் நான் மூச்சு விடுவதற்குள் உனக்குப் பதில் வந்திருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு யானை சின்னம், மைஎஸ்க்யூஎல்லுக்கு டால்பின். "ஏம்மா, ஒன் யானை எந்திரிக்கிறதுக்குள்ள என் மீனு கடலச் சுத்தி வந்துரும்" என்பாய். நான் எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைப்பேன். அதுதான் என் பரீட்சை. கரண்ட் வந்ததும் உன் மிஷினில், தகவலை வரிசையாக வைத்திருக்கும் டேபிள் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும். ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும், அது உண்மைதான். ஆனால் நோயாளியின் பெயர் ஏறியிருக்கும், அவருக்கான பரிசோதனை ஏறியிருக்காது. என்னுடையதில் இரண்டும் இருக்கும், இல்லையென்றால் இரண்டுமே இருக்காது. டாக்டரம்மாவுக்கு இதைப் புரியவைக்க, "கல்யாணத்துல ஒருத்தர் மட்டும் மோதிரம் போட்டா அது கல்யாணம் இல்லீங்களே டாக்டர், அந்த மாதிரி" என்று சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, எது சீக்கிரம் முடியுமோ அதை முதலில் போடுங்கள் என்றார். உன்னுடையது தயாராக இருந்தது. அதைப் போட்டோம்.

நத்தத்திலிருந்து வந்த அந்தப் பிள்ளையை நீ மறந்திருக்க மாட்டாய். நிறைமாதம். லேபில் ரத்தம் எடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தது. லேபில் இருந்த ஜெசிந்தா டைப்ரைட்டிங் படித்துவிட்டு வந்தவள். பழைய டைப்ரைட்டர் பழக்கத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தைத் தட்டிவிடுவாள். அன்றைக்குப் பத்தரை, அதாவது 10.5 என்று ஏற்ற வேண்டிய ஹீமோகுளோபினில் அப்படித் தட்டிவிட்டாள். மைஎஸ்க்யூஎல் அந்த நாளில் எதையும் திருப்பி அனுப்பாது. ஒன்று என்ற எண்ணைப் பார்த்தது, அடுத்து எழுத்து வந்ததும் மிச்சத்தை விட்டுவிட்டது, ஒன்று என்று எழுதி வைத்துக்கொண்டது. ரிப்போர்ட்டிலும் ஒன்று என்றே வந்தது. நர்ஸ் அதைப் பார்த்துப் பதறி, உடனே ரத்தத்துக்கு ஆள் கூட்டி வாருங்கள் என்று சொல்ல, அந்தப் பிள்ளையின் புருஷன் டெலிபோன் பூத்துக்கு ஓடினார். புளியந்தோப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அதற்குள் டாக்டரம்மா அந்தப் பிள்ளையின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு இருந்தா இது நடந்து வந்திருக்குமா? மறுபடி எடுங்க" என்றிருக்கிறார். மறுபடி எடுத்ததில் பத்தரை.

நாம் இருவரும் போனபோது அந்த ஆட்கள் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் புளியின் கறை. நான் டாக்டரம்மாவைப் பார்க்க மாடிக்குப் போனேன். நீ என்னோடு வரவில்லை. நேராக அந்தப் புருஷனிடம் போய், "அண்ணே, தப்பு எங்க புரோகிராம்ல. லேப்ல இருக்குறவங்க மேல இல்ல" என்று சொன்னதை மாடிப்படியில் நின்று கேட்டேன். அவர், "புள்ளைக்கு ஒண்ணும் இல்லேல்ல? அப்பச் சரி தம்பி" என்றார். அப்பு, உனக்கு நான் எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நீ செய்ததை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, ஃபோனை எடுத்தால் சாப்டியா என்பதில் முடிந்துவிடுகிறது.

அன்று டாக்டரம்மா அறையில் நாம் வாதாடியது நல்ல வாதம். எண் கேட்கிற இடத்தில் எழுத்து வந்தால் தடுக்க வேண்டியது நம் புரோகிராம்தான், டேட்டாபேஸைக் குறை சொல்லக் கூடாது என்றாய். சரிதான். புரோகிராமை இன்றைக்கு நீ எழுதுவாய், நாளைக்கு வேறு ஒருவர் எழுதுவார், எல்லோரும் மறந்தாலும் கடைசியில் மறக்காத ஒன்று இருக்க வேண்டும் என்றேன் நான். அதுவும் சரிதான். டாக்டரம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, தப்பை எது வாங்காமல் திருப்பி அனுப்புமோ அதைப் போடுங்கள் என்றார். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாற்றும் வேலையை நீதான் செய்தாய், முகம் சுளிக்காமல், நான் செய்திருப்பதைவிடச் சுத்தமாக. அது முடிந்து கொஞ்ச நாளில் சென்னை வேலைக்கு ஆர்டர் வந்தது, போனாய். நீ தோற்றுப்போன கோபத்தில் கிளம்பியதாக உன் சித்தி இன்றைக்கும் நினைக்கிறாள். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். நீ கோபித்துக்கொண்டு போயிருந்தால் சமாதானமாகித் திரும்பியும் வந்திருப்பாய். வேலை கிடைத்துப் போனவனைத் திரும்பி வா என்று எந்த வாயால் கூப்பிடுவது?

பிறகு அந்த யானையும் நானும் மட்டும்தான். அது நல்ல ஜீவன், ஆனால் கவனிக்க ஆள் வேண்டும். அந்தக் காலத்து போஸ்ட்கிரெஸ், நாம் அழித்த வரிகளை உடனே வெளியே போடாது. கூட்டிப் பெருக்கு என்று நாம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நாளாக ஆக மெதுவாகிவிடும். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் அப்படியே லேபுக்குப் போய் அந்த வேலையைச் செய்வேன். புதுப் பதிப்பு வந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி உள்ளே ஏற்ற வேண்டும், அதற்கு ஒரு நாள் போகும். ஏதாவது புரியவில்லை என்றால் கேட்க திண்டுக்கல்லில் ஒருவரும் இல்லை. மைஎஸ்க்யூஎல் என்றால் தெருவுக்கு ஒருவருக்குத் தெரியும், காலேஜில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். போஸ்ட்கிரெஸ் என்று சொன்னால் அது என்ன புது மருந்தா டீச்சர் என்று கேட்டவர்கள் உண்டு. அதை உபயோகிக்கிறவர்கள் மெயிலில் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்கிற ஒரு குழு இருந்தது. என் பள்ளிக்கூட இங்கிலீஷில் அங்கே எழுதிப் போடுவேன். மறுநாள் பார்த்தால் யாரோ ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருப்பார். என்ன ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது. அவர்களில் சிலருடைய பெயரைப் பார்த்தால், தெரிந்தவர்கள் வாசலில் வந்து நிற்பதுபோல இருக்கும். வீட்டில் நான் பேசி, திரும்பப் பேச்சு வந்தது அங்கே மட்டும்தான் என்று சொன்னால் உனக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் அதுதான் உண்மை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் என்று ஃபோனில் சொன்னேன். அதே நர்சிங் ஹோமில் மாடியில் படுத்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. கை கால் மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டு, எழுந்து உட்கார ஒருவர் பிடித்துத் தூக்க வேண்டும். அப்போது கீழே லேபில் சர்வர் நின்றுவிட்டது. ஜெசிந்தா மேலே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். காலையில் எனக்கு எடுத்த ரத்தத்தின் முடிவே ஏறவில்லை. எல்லாவற்றையும் அவள் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள், வெளியே கூட்டம் சத்தம் போட்டது. கடைசியில் பேகம்பூரில் பிரவுசிங் சென்டர் நடத்துகிற ஷாகிராவைக் கூப்பிட்டார்கள். முப்பது வயசுக்காரி, கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகளையும் கடையையும் தனியாகப் பார்க்கிறாள். அவள் கீழே சர்வர் முன்னால் உட்கார்ந்து திரையில் இருப்பதைச் செல்ஃபோனில் எனக்குப் படித்துச் சொல்ல, நான் மேலே படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். டிஸ்க்கில் இடமில்லாமல் போயிருந்தது. நான் வாராவாரம் எடுத்துவைத்த பழைய பேக்கப்பே அதை அடைத்திருந்தது. அதில் பழையதை எல்லாம் அழிக்கச் சொன்னேன், சர்வர் ஓடியது.

ஷாகிரா முடித்துவிட்டு மேலே வந்தாள். என் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க சொன்னத அடிச்சேன், எனக்கு ஒண்ணும் புரியல. மைஎஸ்க்யூஎல்னா நான் பாத்துருவேன். நீங்க இல்லாட்டி இது என்ன ஆகும்?"

இல்லாட்டி என்று அவள் சொன்னது ஊருக்குப் போயிருந்தால் என்ற அர்த்தத்தில்தான். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. அவள் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். வேகத்தை ஒப்பிட்டோம், கரண்டை அணைத்து ஒப்பிட்டோம், தப்பை வாங்குமா வாங்காதா என்று ஒப்பிட்டோம். யார் இதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நீயும் ஒப்பிடவில்லை, நானும் ஒப்பிடவில்லை. அப்போது நாம் இருவர் இருந்தோம், அந்தக் கேள்விக்கே இடமில்லை.

உடம்பு தேறியதும் மைஎஸ்க்யூஎல்லுக்கே திரும்ப மாற்றுவது என்று முடிவு செய்தேன். நீ சிரிப்பாய். உன் மீனும் இந்த வருஷங்களில் வளர்ந்துவிட்டது. டேபிளை இன்னோடிபி என்ற வகையில் வைத்தால், எழுதினால் முழுதாக எழுதும், இல்லையென்றால் ஒன்றும் எழுதாது. அந்த வகை நாம் போட்டிபோட்ட காலத்திலேயே இருந்திருக்கிறது, நம் இருவர் கண்ணிலும் படவில்லை. ஸ்ட்ரிக்ட் என்று ஒரு அமைப்பு பிற்பாடு வந்தது. அதைப் போட்டுவிட்டால் எண்ணுக்குப் பதில் எழுத்தை வாங்காது. ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் ஏமாற்றும். ஹீமோகுளோபின் இந்த அளவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று டேபிளில் விதி எழுதினால் மரியாதையாக வாங்கிக்கொள்ளும், ஆனால் அதன்படி நடக்காது. போஸ்ட்கிரெஸ் நடக்கும். அந்த விதிகளையெல்லாம், ஒவ்வொரு வரி ஏறும்போதும் தானே ஓடிச் சரிபார்க்கிற ட்ரிகராக ஒவ்வொன்றாக எழுதினேன், ஷாகிரா சரிபார்த்தாள். கடையில் பிள்ளைகள் சண்டை போட, ஒருத்தியைக் கையில் பிடித்துக்கொண்டே சரிபார்ப்பாள். இந்த ரெண்டு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, எல்லாம் முடிந்ததும் சர்வர் வயரைப் பிடுங்கச் சொன்னேன். அவள் பயந்தாள், நான் பிடுங்கினேன். ஒரு வரி உடையவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்குப் பழைய போஸ்ட்கிரெஸ்ஸை நிறுத்துகிற கட்டளையை மட்டும் என்னால் அடிக்க முடியவில்லை. கண் தெரியவில்லை, நீ அடி என்று அவளிடம் சொன்னேன்.

ஆகையால் உன் கேள்விக்கு என் பதில் இது. உங்கள் மூன்று பேரில் தினமும் டேட்டாபேஸோடு உட்கார ஒருவருக்கு ஆசை இருந்தால் போஸ்ட்கிரெஸ் போடு. கப்பல் சரக்குக்கு விதிகள் நிறைய இருக்கும், அவற்றை அது உன்னைவிடக் கவனமாகக் காக்கும். இப்போது தன்னைத்தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளவும் கற்றுவிட்டது. உள்ளே இருப்பதைப் பார்க்க ஆயிரம் பேர் வந்து, புதிதாக எழுதுவது கொஞ்சம் என்றால், அல்லது நாளைக்கே ஆள் எடுக்க வேண்டியிருந்தால், மைஎஸ்க்யூஎல் போடு. ஒரு சர்வரைப் பார்த்து இன்னொன்று நகல் எடுத்துக்கொள்வதும் அதில் சுலபம். ஆனால் இன்னோடிபி, ஸ்ட்ரிக்ட் இரண்டும் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதே. எதைப் போட்டாலும் பேக்கப்பை எடுத்துவைத்தால் மட்டும் போதாது, வேறொரு மிஷினில் ஏற்றிப் பார். எதைப் போட்டாலும், அது உனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்க விடாதே. இரண்டாவதாக ஒருவர் தெரிந்துகொள்கிற வரைக்கும் அது கம்பெனியின் சொத்து இல்லை, உன் கழுத்துச் சுமை. இது டேட்டாபேஸுக்கு மட்டும் சொல்வதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நீ அங்கே யாரோடு சாப்பிடுகிறாய், உனக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குத் தெரியும் என்று நான் கேட்டதில்லை. எப்போது கல்யாணம் என்றும் கேட்கப் போவதில்லை. உன் காய்ச்சல் தெரிந்தவர் ஒருவர் அந்த ஊரில் இருக்க வேண்டும், அது போதும்.

ஷாகிராவிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்து இப்போது சில வாரம் ஆகிறது. முதல் திங்கட்கிழமை லேபிலிருந்து ஃபோன் வரும் என்று பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வேலை சரியாக முடிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வாரக் கடைசியில் புடவை மாற்றிக்கொண்டு நர்சிங் ஹோமுக்குப் போனேன். ஜெசிந்தா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "என்ன டீச்சர், ஒடம்பு சரியில்லையா?" என்றாள். இல்லை, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டாள், டீ வரவழைத்தாள். கூட்டம் இருந்தது. அவள் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு ஏற்றிக்கொண்டிருந்தாள். திரை பளிச்சென்று மாறிக்கொண்டே இருந்தது. டீயைக் குடித்துவிட்டு, வாரேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, உன் மேஜையில் இருக்கிற மிஷினில் போஸ்ட்கிரெஸ் புதுப் பதிப்பைப் போட்டேன். நன்றாக ஓடுகிறது. உள்ளே வைக்க என்னிடம் எதுவும் இல்லை. சரி என்று அந்த மெயில் குழுவைத் திறந்து பார்த்தேன். எந்த நாடோ, புதிதாகச் சேர்ந்த ஒருவர், அழித்த பிறகும் டேபிள் ஏன் சிறிதாகவில்லை என்று கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அங்கே நான் கேள்விதான் கேட்டிருக்கிறேன், பதில் எழுதியதில்லை. கண் ஆட ஆட, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்து எழுதி அனுப்பினேன். காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் போய்ப் பார்த்தேன். பதில் வந்திருந்தது. சரியாகிவிட்டதாம். "ரொம்ப நன்றி, சார்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். நான் திருத்தவில்லை.

திண்டுக்கல்லில் இருந்து,
உன் அம்மா